உள்வாடகை என்னும் குற்றம்: சேரி நத்தத்திலிருந்து கண்ணகி நகர் வரை

குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில் அவ்வப்போது ஒரு சோதனை நடக்கும். அதிகாரிகள் பிளாக் பிளாக்காகப் படியேறி ஒவ்வொரு கதவையும் தட்டுவார்கள். உள்ளே இருப்பவர் அசல் ஒதுக்கீட்டாளர்தானா, ஒதுக்கீட்டு ஆணையில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். வேறு குடும்பம் இருந்தால் நோட்டீஸ். ஒதுக்கீடு ரத்தாகலாம், வீட்டுக்குப் பூட்டும் விழலாம். கூடவே ஒரு பேச்சும் கிளம்பும்: ஏழைகளுக்குக் கொடுத்த வீட்டை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறார்கள். களப்பயிற்சிக்கு வரும் மாணவர்களும் இதையே வேறு சொற்களில் கேட்கிறார்கள். "வீடு குடுத்தும் ஏன் சார் அங்க இருக்க மாட்டேங்கறாங்க?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கான விடை அந்தப் பிளாக்குக்குள் கிடைக்காது. நூற்று முப்பது ஆண்டுகளாவது பின்னால் போக வேண்டும். போவதற்கு முன் ஒரு சின்ன ஒப்பீடு.

அரசு ஊழியர் ஒருவர் சென்னையில் கடன் வாங்கி ஃபிளாட் வாங்குகிறார். இரண்டு ஆண்டு குடியிருக்கிறார். மதுரைக்கு மாற்றல் வருகிறது. ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மதுரையில் வாடகை வீட்டில் இருக்கிறார். இதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை, சாமர்த்தியம் என்றுகூடச் சொல்வார்கள். வருமான வரிச் சட்டம் இப்படிப்பட்டவருக்காகவே யோசித்து எழுதப்பட்டதுபோல் இருக்கும். வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கணக்குக் கேட்காமலேயே கழித்துக்கொள்ளலாம். வீட்டுக்கடன் வட்டிக்குத் தனிக் கழிவு உண்டு. மதுரையில் கொடுக்கும் வாடகைக்கு வீட்டு வாடகைப்படியில் விலக்கும் கேட்கலாம். ஃபிளாட்டை வாடகைக்கு விடாமல் பூட்டியே வைத்திருந்தாலும் சட்டம் காப்பாற்றும். வேலையோ தொழிலோ வேறு ஊரில் இருப்பதால் சொந்த வீட்டில் குடியிருக்க முடியாதவரின் வீட்டுக்கு வருமானம் இல்லை என்றே வைத்துக்கொள் என்கிறது அது.

ஆக, சொந்த வீடு ஓரிடத்திலும் பிழைப்பு இன்னோரிடத்திலும் இருக்கக்கூடும் என்பது இந்த நாட்டுச் சட்டத்துக்குத் தெரியாத விஷயம் அல்ல. பெரும்பாக்கத்து எட்டாவது மாடியில் இருந்து மயிலாப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு வரும்போது மட்டும் அது மறந்துபோகிறது. ஏன் மறந்துபோகிறது என்பதுதான் நம் வரலாறு.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் தன் மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். நம்மில் பலருக்கு அது பஞ்சமி நிலத்தின் தோற்றுவாயாகத் தெரியும். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. ஆனால் அந்த விவாதத்தில் விளைநிலம் அளவுக்கு மனையும் பேசப்பட்டது என்பதை நாம் அதிகம் சொல்வதில்லை. சேரியில் குடிசை நிற்கும் நத்தம் யாருடையது? மிராசுதார்கள் அது தங்களுடையது என்றார்கள். சேரிக்காரன் வேறு ஒருவரிடம் வேலைக்குப் போனால், கூலி அதிகம் கேட்டால், தரிசு நிலத்துக்கு அரசிடம் மனுப் போட்டால், அவனை அடக்க மிராசுதாருக்குப் போலீஸ் தேவைப்படவில்லை. குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொன்னால் போதும்.

இதை ஊன்றிக் கவனியுங்கள். அங்கே வீடு என்பது வேலையின் ஓர் உறுப்பு. பண்ணையில் உழைக்கும் வரை கூரை உண்டு, உழைப்பு நின்றால் கூரையும் போகும். தன் குடிசையை அவன் விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, இன்னொருவரைக் குடிவைத்து அதில் காசு பார்க்கவும் முடியாது. அதில் அவன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, குடியிருப்பது. அதுவும் ஆண்டை விரும்பும் வரை. 1920க்குப் பிறகு தொழிலாளர் துறை ஆணையரின் கீழ் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மனை வாங்கித் தந்து, விலையைத் தவணையில் வசூலிக்கும் திட்டம் வந்தபோது நிலவுடைமையாளர்கள் அதை எதிர்த்ததில் வியப்பில்லை. நாலு சென்ட் மனைக்காக அவர்கள் சண்டைபோடவில்லை. அந்த நாலு சென்ட்டில் கட்டப்பட்டிருந்த உழைப்புக்காகச் சண்டைபோட்டார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்துபோனார்கள். கூலி உயர்வுக்காகவும் சங்கத்துக்காகவும் நின்றவர்களின் சேரி அது. அதன் பிறகு 1971இல் தமிழ்நாட்டில் குடியிருப்புச் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனையே சொந்தம் என்றது. தஞ்சை டெல்டாவில் ஒரு தலைமுறை முதல்முறையாகத் தன் கால் நிற்கும் மண்ணைத் தனது என்று சொன்னது இந்தச் சட்டத்தால்தான். இதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

அதே 1971இல் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டமும் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 1970இல், குடிசை மாற்று வாரியம் அமைந்தது. கிராமத்தில் மனையுரிமை, நகரத்தில் வாரிய வீடு. இரண்டும் ஒரே அரசின் காலத்தில், ஒரே மக்களை நோக்கி வந்தவை. ஆனால் இரண்டும் கொடுத்த பொருள் ஒன்றல்ல.

நகரத்துக்கு வந்தவர்களின் கதைக்கு இப்போது வருவோம். செங்கல்பட்டு, வட ஆர்க்காடு, தென்னார்க்காடு சேரிகளில் இருந்து சென்னைக்கு வந்தவர்கள் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் குடிசை போட்டார்கள். அங்கே வாடகை இல்லாமல் இல்லை. தனியார் இடமென்றால் தரை வாடகை உண்டு. குடிசை போட்டவர் ஒரு பக்கத்தைத் தட்டி வைத்து மறைத்து ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பத்துக்கு விட்டார். தனியாக நிற்கும் பெண்களுக்கு, கணவனை இழந்தவர்களுக்கு, அந்த அரைக் குடிசை வாடகை முதியோர் ஓய்வூதியம் போல. வந்தவருக்கும் அது நன்மைதான். அட்வான்ஸ் கேட்காத, சாதி கேட்காத ஒரே வாடகை வீடு அது. வாழ்ந்த வீட்டின் ஒரு துண்டை வாடகைக்கு விடுவது நம் மக்களுக்கு வாரியம் வந்த பிறகு வந்த புத்தி அல்ல. நகரத்தில் காலூன்றிய முறையே அதுதான்.

முதல் பத்தாண்டில் வாரியம் பெரும்பாலும் அந்தந்த இடத்திலேயே மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் கடலைப் பார்த்து நின்ற வீடுகள் அவை. கட்டடத்தின் தரத்தில் குறை உண்டு, குழாயில் தண்ணீர் வராது, ஆனாலும் காலை எழுந்தால் வேலை கண்ணெதிரே. அங்கேயும் சிலர் வீட்டை வாடகைக்கு விட்டார்கள், போக்கியத்துக்குக் கொடுத்தார்கள். மகளுக்குக் கல்யாணம் என்றால் நம்மிடம் வங்கிக்குக் காட்ட என்ன இருக்கிறது? போக்கியம் என்பது ஏழையின் வீட்டுக்கடன். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுப்பது, தொகையைத் திருப்பிக் கொடுத்தால் வீடு திரும்பும். திருப்ப முடியாமல் வீட்டையே இழந்த குடும்பங்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை.

1977இல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தது. கட்டடம் கட்டித் தராதே, மனையைப் பிரித்து, சாலை, தண்ணீர், கழிவுநீர் வசதி போட்டுக் கொடு, வீட்டை அவர்களே கட்டிக்கொள்ளட்டும் என்பது அதன் கொள்கை. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகள் பிரிக்கப்பட்டன. போட்ட பணத்தைத் திரும்ப வசூலிக்க வேண்டும் என்ற உலக வங்கியின் பிடிவாதம் நமக்கு உவப்பானதல்ல. ஆனால் இந்தத் திட்டத்தில் ஒரு நடைமுறை அறிவு இருந்தது. மனை வாங்கும் குடும்பம் ஓர் அறை கூடுதலாகக் கட்டி வாடகைக்கு விட்டுத் தவணை கட்டும் என்பதை அது மோசடியாகப் பார்க்கவில்லை. அப்படித்தான் நடக்கும், நடக்கட்டும் என்று விட்டது.

என்ன நடந்தது? தொடக்கத்தில் மனைகள் காலியாகக் கிடந்தன, திட்டம் தோல்வி என்று பேசப்பட்டது, உலக வங்கியே இந்த வகைத் திட்டங்களைக் கைவிட்டது. இருபது ஆண்டு கழித்துச் சென்னையிலும் மும்பையிலும் அதே இடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. தோல்வி என்று கைவிட்ட இடங்கள் உயிரோட்டமான பகுதிகளாக வளர்ந்திருக்கின்றன என்றது அது. இன்று அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். ஒரு அறை வீடு இரண்டு மாடியாகியிருக்கும், கீழே கடை, மேலே வாடகைக் குடும்பம். மனை கையில் இருந்ததால் வளர்க்க முடிந்தது, விட முடிந்தது, அதில் பிள்ளையைப் படிக்கவைக்க முடிந்தது.

அந்த வழியை அரசு தொடரவில்லை. 2000ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. நகர மையத்தில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர். இன்று 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். ஆரம்பத்தில் கட்டியவற்றில் பல 200 சதுர அடிகூட இல்லை. பிறகு சுனாமி, செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கம், எட்டு மாடிக் கட்டடங்கள், 20,000க்கும் மேல் வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளம் ஒரு நல்ல சாக்காகக் கிடைத்தது. ஆற்றங்கரையில் இருந்தவர்களைப் பள்ளி ஆண்டின் நடுவில் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். மூன்று இடங்களும் சதுப்பு நிலத்தை ஒட்டியவை, மழைக்குத் தண்ணீர் நிற்பவை என்பது தனிக் கட்டுரைக்குரிய கதை. வெள்ள அபாயத்தில் இருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு போன இடம் அது!

போனவர்களில் எல்லாச் சாதியினரும் உண்டு, மீனவர்களும் முஸ்லிம்களும் உண்டு. பெரும்பான்மை நாம்தான். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடத்தை மாநகரத்தின் அளவுக்குப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும் என்று சமூகவியல் வகுப்பில் நான் யோசித்ததுண்டு. துரைப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த வீடு இலவசம் என்பது பொதுப்புத்தி. கண்ணகி நகர் வீடுகள் தவணைமுறையில் கொடுக்கப்பட்டவை. மாதாமாதம் 20 ஆண்டு கட்டி முடித்த பிறகே கிரயப் பத்திரம். அதுவரை வாரியமே சொந்தக்காரர். ஒதுக்கீட்டாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும், விற்கவோ உள்வாடகைக்கு விடவோ கூடாது. நூறாண்டுக்கு முந்தைய சேரி நத்தத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே உழைப்பவரை ஆண்டையின் அருகில் நிறுத்திவைக்கக் குடியிருப்பு என்ற கயிறு பயன்பட்டது. இங்கே அதே கயிறு உழைப்பவரை வேலையில் இருந்து தூரத்தில் நிறுத்துகிறது. இரண்டிலும் அந்த வீட்டை வைத்து அவர் வேறு எதுவும் செய்துவிடக் கூடாது.

கண்ணகி நகரில் குடியிருந்துவிட்டு மறுபடியும் மந்தைவெளிப் பக்கம் வாடகைக்குப் போன ஓர் அக்காவிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். காலை ஏழு மணிக்கு முதல் வீட்டில் இருக்க வேண்டும். துரைப்பாக்கத்தில் இருந்து வருவதென்றால் ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும், பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப ஆளில்லை. "வூடு அங்க கீது, வேல இங்க கீது. எத்த வுடச் சொல்ற நீயி?" என்றார். நான் பதில் சொல்லும் முன்பே, "வூட்ட வாடகைக்கு வுட்டுட்டு வந்தா கவர்மெண்ட்டுக்கு இன்னா நஷ்டம் தம்பி, வூடு அங்கியேதான கீது?" என்று அவரே கேட்டார்.

அவர் நிலையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். கண்ணகி நகர் வீட்டில் 3,000 வாடகை வருகிறது, மந்தைவெளியில் ஓர் அறைக்கு 6,000 கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3,000 நஷ்டம். பிறகு ஏன் செய்கிறார்? துரைப்பாக்கத்திலேயே இருந்தால் மூன்று வீடு ஒரு வீடாகும், கூலி மூன்றில் ஒன்றாகும். இதற்குப் பெயர் சம்பாத்தியமா? நகரத்துக்குள் நுழைவுச்சீட்டு வாங்க அவரிடம் இருக்கும் ஒரே பொருள் அந்த வீடு, அதை வைத்து வாங்குகிறார். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் பேருந்தில் போகும் மூன்று மணி நேரத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

வேலைக்கு அருகில் இருப்பது வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே பேசிவிட்டது. பம்பாய் நடைபாதைவாசிகளுக்கான ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்பு இருக்கும் இடத்தில்தான் அவர்கள் குடியிருக்கிறார்கள், இடத்தைப் பறித்தால் பிழைப்பைப் பறித்ததாகும் என்பதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் சென்னைக் குடிசைவாசிகளுக்காக நடந்த கே. சந்துரு எதிர் தமிழ்நாடு அரசு வழக்கையும் சட்ட மாணவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தத் தீர்ப்புகள் வெளியேற்றத்தைத் தடுக்கவில்லை, மாற்று இடம் என்ற பேச்சைத்தான் கொண்டுவந்தன. மாற்று இடம் எத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பேச்சாகவே நின்றுவிட்டது.

நகரத்துக்குத் திரும்பி வருகிறவருக்கு அங்கே வீடு காத்திருக்கிறதா? 'சைவம் மட்டும்' என்ற டூ-லெட் போர்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். போர்டு இல்லாத வீட்டில், "நீங்க எந்த ஊரு, யாரு வீடு?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் அவரது குழுவினரும் டெல்லியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் வாடகைக்கு வீடு கேட்டுச் சோதித்த ஆய்வு 2015இல் வெளியானது. தொலைபேசியில் கேட்டபோது தலித் பெயர் சொன்னவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்கு நேரடி மறுப்பு, சுமார் 23 சதவீதம் பேருக்குக் கூடுதல் வாடகை போன்ற வேறு நிபந்தனைகள். முஸ்லிம்களுக்கு இதைவிட மோசம். உயர்சாதிப் பெயர்களுக்கு மறுப்பே இல்லை. நம் மாநிலத்தின் 2017 வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பதிவு செய், அட்வான்ஸ் இவ்வளவு என்றெல்லாம் சொல்கிறது. சாதியைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. கண்ணகி நகர் முகவரியுள்ள ஆதார் அட்டையை நீட்டினால் சாதியைத் தனியாகக் கேட்கவும் தேவையில்லை.

வாடகை வீட்டில் இருந்து துரத்தப்படுவதன் வலியைப் பாபாசாகேப் 1917இல் பரோடாவில் அனுபவித்தார். கொலம்பியாவில் படித்துத் திரும்பியவருக்கு ஊரில் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் காலை தடிகளோடு ஒரு கும்பல் வந்தது. மாலைக்குள் காலி செய்து, நண்பர்கள் வீட்டிலும் இடமில்லாமல் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இந்தப் பகுதி நமக்கு மனப்பாடம். அதன் மறுபாதியை நாம் குறைவாகவே பேசுகிறோம். அவர் குடும்பம் இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தது பரேலில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் கட்டிய சாலில், அதாவது அன்றைய வாரிய வீட்டில். பிறகு 1930களின் தொடக்கத்தில் தாதர் இந்து காலனியில் ராஜகிருகம் கட்டினார். நூல்களுக்காகக் கட்டிய வீடு என்று சொல்வோம். அதே காலனியில் சார்மினார் என்று இன்னொரு கட்டடமும் கட்டினார். 1941இல் கடனை அடைக்கவும் நூல்கள் வாங்கவும் அதை விற்றார். சாலின் இரண்டு அறைகளை அவர் விற்றிருக்க முடியுமா? சொந்த வீட்டைத் தேவைக்கு ஏற்ப வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாம். சார்மினார் புத்தகமாக மாறியது. பெரும்பாக்கத்து வீடு யாருடைய கல்விக் கட்டணமாகவும் சட்டப்படி மாற முடியாது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. நிபந்தனையே இல்லாவிட்டால் நம் சொத்து நம்மிடம் நிற்குமா? பஞ்சமி நிலத்தைப் பத்து ஆண்டு கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கொடுக்கலாம் என்ற நிபந்தனைக்காகத்தானே நாம் இன்றும் போராடுகிறோம்? ஆம், அந்த நிபந்தனையை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். ஆனால் அது நிலத்தைப் பிடுங்க வருகிறவனைத் தடுக்க எழுதப்பட்டது. நிலம் பிழைப்பும்கூட, அதை விட்டுப் பிழைக்கப் போக வேண்டியதில்லை. உள்வாடகைத் தடை யாரைத் தடுக்கிறது? சில குடியிருப்புகளில் வட்டிக்காரர்களும் புரோக்கர்களும் கட்சிக்காரர்களும் பல வீடுகளைக் கையில் வைத்திருப்பது அங்கே வேலை செய்யும் எவருக்கும் தெரியும். சோதனையின்போது அவர்கள் ஆள் வைத்துச் சமாளித்துவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது ஒற்றை வீட்டை விட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனவர். விற்பதற்குக் கட்டுப்பாடு இருக்கட்டும். வாடகைக்கு விடுவது விற்பது அல்ல, வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது.

இன்னொருவரையும் மறந்துவிடுகிறோம், அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தவரை. அதே பிளாக்கில் பிறந்து கல்யாணமான பையன், பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் ஹவுஸ்கீப்பிங் செய்பவர், பீகாரில் இருந்து வந்த கட்டடத் தொழிலாளி. ஒப்பந்தம் எழுத முடியாது, ரசீது கேட்க முடியாது. சோதனை என்றால் முதலில் நடுத்தெருவுக்கு வருபவர் அவரே. கால்வாய்க் கரையில் கணக்கெடுத்தபோதும் இப்படித்தான். குடிசைக்காரருக்கு டோக்கன், குடிசையில் வாடகைக்கு இருந்தவருக்கு எதுவும் இல்லை. தடைசெய்யப்பட்ட வாடகை இல்லாமல் போவதில்லை, பாதுகாப்பு இல்லாத வாடகையாகிறது.

வேறு வழியே இல்லையா? சிங்கப்பூரில் வீட்டு வளர்ச்சிக் கழகம் 1960 முதல் அரசு வீடுகளைக் கட்டுகிறது. அங்கும் குடியிருக்கத்தான் வீடு. ஆனால் பொதுவாக 5 ஆண்டு குடியிருந்த குடிமக்கள் அனுமதி பெற்று முழு வீட்டையும் வாடகைக்கு விடலாம். யாருக்கு விட்டோம் என்று பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். சிங்கப்பூரை எல்லாவற்றிலும் முன்மாதிரி என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் 5 ஆண்டும் 20 ஆண்டும் ஒன்றல்ல. வீட்டு வாடகையை மறைக்க வேண்டியிருப்பதும் பதிவு செய்ய முடிவதும் ஒன்றல்ல. இங்கேயே பாருங்கள். அண்ணா நகரும் கே.கே. நகரும் பெசன்ட் நகரும் அரசு நிலம் எடுத்து, வீட்டு வசதி வாரியம் மனை பிரித்துக் கொடுத்து உருவானவைதாம். அங்கே எத்தனை வீட்டில் முதல் ஒதுக்கீட்டாளர் குடியிருக்கிறார் என்று எந்த அதிகாரியும் மாடி ஏறிப் பார்ப்பதில்லை.

2021இல் குடிசை மாற்று வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. குடிசை என்ற சொல் போனது நல்லதுதான். உள்வாடகை என்ற சொல் அப்படியே இருக்கிறது.

அடுத்த முறை மறுகுடியமர்வுப் பகுதியில் கணக்கெடுக்கப் போகும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'வீட்டில் யார் இருக்கிறார்கள்' என்ற கேள்வியோடு இன்னும் சிலவற்றையும் படிவத்தில் சேருங்கள். முன்பு எங்கே இருந்தீர்கள்? அப்போது வேலைக்கு நடந்து போனீர்களா? இப்போது எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? வீட்டை விட்டிருந்தால் அந்த வாடகை எங்கே போகிறது? அசல் ஒதுக்கீட்டாளர் அங்கே இல்லையென்றால் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டு இறங்கிவிடாதீர்கள், அவர் இப்போது இருக்கும் இடத்தைத் தேடிப் போங்கள். கண்ணகி நகரின் முதல் பிளாக்குகளில் இருந்து தொடங்கலாம். 2000இல் அங்கே இறக்கிவிடப்பட்டவர்களுக்கு அந்த 20 ஆண்டு 2020லேயே முடிந்துவிட்டது. கிரயப் பத்திரம் கைக்கு வந்ததா என்று முதலில் அதைக் கேளுங்கள்.